புதுப்பிப்பு: சந்திரதால் ஏரிக்கு எந்த வழி?

மணாலியிலிருந்து நேராக இமாச்சலத்தின் சந்திரதால் ஏரிக்குப் போனால் அம்மாவுக்கு உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிம்லா, கின்னௌர், ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் காசா ஊர் வழியாக மெதுவாக ஏறச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது; ஏரி 4,200 மீட்டருக்கு மேல் இருந்தும் அம்மாவுக்குத் தலைவலிகூட வரவில்லை.

எதிர்பாராதது, கரையில் கூடாரம் போட அனுமதியில்லை. முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளித்தான், வண்டியை விட்டுவிட்டும் கொஞ்சம் நடக்க வேண்டும். சாயங்காலம் காற்று நின்றதும் மலை முழுசாகத் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரிந்தது, அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே கூழாங்கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம், பாதல் என்ற சிறு இடத்தைத் தாண்டி மணாலிக்கு இறங்கும் சாலையை ஓடைகள் குறுக்கே கடக்கின்றன. மதியத்துக்கு மேல் பனி உருகித் தண்ணீர் ஏறிவிடும், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.