பொருள்: ‘ரியர் ஆக்ஸில்’ மாற்றினேன் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். என் காடி 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது ஜப்பானில் அந்தப் பெயரில் விற்ற மஸ்டா எம்எக்ஸ்-5. எஞ்சின் 1.6 லிட்டர். இதன் டிஃபரென்ஷியலில், அதாவது எஞ்சின் விசையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியில், உள்ள பெரிய பல்சக்கரம் 6 அங்குலம்தான். எஞ்சின் விசையைக் கூட்டும் டர்போ போட்டால் தாக்குப்பிடிக்காது. 1993இல் வந்த 1.8 மாடலில் அது 7 அங்குலம். அதனால் புதியதின் பின்பக்கத்தைப் பழையதில் மாட்டுவது இந்தக் காடி வைத்திருப்பவர்களின் வழக்கம். செகாம்புட் பக்கம் ஒரு ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய காடிகளின் உதிரிபாகம் விற்கும் கடை) செட்டாகக் கிடைத்தது, மாட்டியும் ஆயிற்று. செய்ததைத் தமிழில் குறிப்பாக எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

‘பின் அச்சை மாற்றினேன்’ என்றால் அது பொய். நான் மாற்றியவை டிஃபரென்ஷியல், அதிலிருந்து இரு சக்கரங்களுக்கும் போகும் ஷாஃப்ட்டுகள், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் நீள ஷாஃப்ட். (பழைய நீள ஷாஃப்ட்டின் முனைத் தட்டு புதிய டிஃபரென்ஷியலில் உட்காராது.) வண்டியின் பாரம் இறங்குவது ஹப்பிலும் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) அதன் பேரிங்கிலும். அதை நான் தொடவே இல்லை. இதில் அச்சு எங்கே இருக்கிறது?

---

தம்பி,

பினாங்கிலிருந்து ஒரு கிழட்டு வாத்தியார். அச்சை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். மயிலிறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் ‘அச்சிறும்’ என்கிறது குறள் 475. ஆக அச்சு என்பது பாரம் தாங்குவது, பாரம் மிஞ்சினால் முறிவது. மாட்டுவண்டியில் அச்சு சும்மா கிடக்கும், சக்கரம்தான் அதன்மேல் சுற்றும். உங்கள் காடியில் முறியப்போவது பாரத்தால் அல்ல, முறுக்கத்தால். அதனால் அது வேறு பொருள், வேறு சொல் வேண்டும் என்பது சரி.

மலாயில் இதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆக்ஸிலுக்கு ‘கண்டார்’, சுற்றுகிற ஷாஃப்ட்டுக்கு ‘அச்சி’. கிராங்க்ஷாஃப்ட் ‘அச்சி எங்கோல்’, கேம்ஷாஃப்ட் ‘அச்சி செசொண்டோல்’. என் காதுக்கு அந்த ‘அச்சி’ நம் அச்சு போலவே கேட்கிறது, ஆனால் அது சுற்றுகிற பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது! நமக்குத் தண்டு இருக்கிறது. தாங்கினால் அச்சு, முறுக்கினால் தண்டு. சக்கரத்துக்குப் போவது சக்கரத்தண்டு, நீளமானது நெடுந்தண்டு. மொத்தத்துக்கும் ‘பின்னோட்டத் தொகுதி’ எனலாமா?

அப்புறம் ஒன்று. ‘லைவ் ஆக்ஸில்’ (சக்கரத்தைச் சுழற்றவும் செய்கிற அச்சு) என்பதை யாரும் ‘உயிர் அச்சு’ ஆக்கிவிடாதீர்கள். உயிரெழுத்தை அச்சுக் கோப்பது போல இருக்கும்.

---

ஐயா,

சக்கரத்தண்டு, நெடுந்தண்டு இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் உங்கள் விதி ஓரிடத்தில் இடிக்கிறது. 80களின் டொயோட்டா கொரோலா ஏஇ86ஐப் பாருங்கள். பின்னால் ஒரே இரும்புக் கூடு. டிஃபரென்ஷியலும் தண்டுகளும் அதற்குள்ளேயே. அந்தத் தண்டு சக்கரத்தைச் சுழற்றவும் செய்கிறது, பாரத்தையும் சுமக்கிறது. அந்தக் காடியில் வேறு ஆண்டுக் கூட்டைக் கொண்டுவந்து மாட்டினால் ‘பின்னச்சு மாற்றினேன்’ என்பதே சரி. என் காடிக்கு அது பொருந்தாது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்குக் காடியைப் பார்த்து இரண்டு தமிழ்ச் சொல் வரும். அகராதிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், ஸ்பேனர் பிடிப்பவனுக்கு இதுதான் வசதி.

பின்னோட்டம் மட்டும் வேண்டாம் ஐயா. ரிவர்ஸ் போவது போல இருக்கிறது. பாதிப் பேர் பின்னூட்டம் என்று படித்துவிட்டுக் கருத்துச் சொல்ல வந்துவிடுவார்கள். எனக்குத் தோன்றியது ‘பின்கட்டு’. பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு உண்டல்லவா? சேர்த்துக் கட்டியது என்ற பொருளும் வருகிறது. பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். அங்கிருந்த தமிழ்ப் பையன், “காடிய விட்டுட்டு வீட்டையா கழட்டப் போறீங்க?” என்றான்.

இன்னொரு சொல்லும் தேவை. பழைய டிஃபரென்ஷியலில் பல் கணக்கு (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நெடுந்தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது) 4.3, வந்ததில் 4.1. ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் அதற்கு இந்த மாற்றம் தெரியாது. முள் 110 காட்டும்போது காடி 115இல் போகிறது. இந்தக் கணக்கை ‘கடைப்பல் விகிதம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

---

தம்பி,

பின்கட்டு நன்று. அந்தப் பையனே அடுத்த மாதம் அதைத்தான் சொல்லுவான், பாருங்கள். ஏஇ86 விஷயத்திலும் நீங்கள் சொல்வதே சரி. கூட்டோடு வந்தால் பின்னச்சு, தனித்தனியாக வந்தால் பின்கட்டு.

கடைப்பல் வேண்டாம், கடைவாய்ப்பல் பிடுங்கக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது. ‘இறுதி விகிதம்’ போதும். ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்யும்வரை, வேக வரம்பு 110 உள்ள பிளஸ் நெடுஞ்சாலையில் முள் 104ஐத் தாண்ட விடாதீர்கள்.