செடிகளை வைத்துக் காற்று மாசைக் கண்டுபிடிக்க முடியுமா?

மாடிச்செடி:
வேளச்சேரியில் மெயின் ரோட்டை ஒட்டி முதல் மாடியில் இருக்கிறோம். ரோட்டுப் பக்கச் செம்பருத்தி இலையை இன்று துடைத்தால் நாளை மாலைக்குள் மறுபடி கருப்பு படிந்துவிடுகிறது, பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் இருக்கும் செம்பருத்தியோ பளிச்சென்று இருக்கிறது. பையனுக்கு வீசிங் உண்டு, அவன் படுப்பது ரோட்டுப் பக்க அறையில். இலையை நம்பி ஏதாவது முடிவெடுக்கலாமா?

வேர்க்கால்:
எடுக்கலாம். நம் சமையலில் போடும் கல்பாசி இருக்கிறதே, அது லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வது. வேர் கிடையாது, எல்லாவற்றையும் காற்றிலிருந்தும் மழையிலிருந்துமே உறிஞ்சும், அதனால் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு வாயு கூடினால் முதலில் சாகும் உயிர்களில் லைக்கன்களும் உண்டு. பாரிஸ் நகரில் மற்ற இடங்களில் காணாமல்போன லைக்கன்கள் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் மட்டும் இருப்பதைத் தாவரவியலாளர் நைலாண்டர் 1866-லேயே எழுதிவிட்டார். ஆனால் பால்கனிக்கு இது உதவாது, அது வளர வருஷக்கணக்காகும்.

பாசிப்பை:
அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 2013 டிசம்பரில் மரங்களில் இருந்த பாசியை (மாஸ், லைக்கன் இல்லை) 346 மாதிரிகள் எடுத்து லேபில் பார்த்தார்கள். வண்ணக் கண்ணாடி செய்யும் இடங்களுக்குப் பக்கத்தில் காட்மியம் என்ற நச்சு உலோகம் எகிறியிருந்தது, அதுவரை யாருக்கும் அது தெரியாது. அந்த நேரத்துக் காற்றைத்தான் மீட்டர் சொல்லும், பாசி மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும்.

உங்களுக்கு ஒரு செலோடேப் போதும். இரண்டு செடியிலும் ஒரே உயரத்தில், ஒரே முதிர்ச்சியுள்ள இலைகளைத் துடைத்து விடுங்கள், மழை இல்லாத ஒரு வாரம் கழித்து டேப்பை அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி ரோட்டு மண். மூச்சில் ஆழமாக இறங்கும் நுண்துகளையும் வாகனப் புகையின் வாயுக்களையும் டேப் காட்டாது. எந்தப் பக்கம் மோசம் என்று ஒப்பிட மட்டும்தான் இது.

வேர்க்கால்:
பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் ஜன்னலோரம் ஸ்ட்ராபெரி செடி வைக்கச் சொல்லி, இலையில் ஒட்டிய இரும்புத் துகளைக் காந்தத்தன்மையை வைத்து அளந்தார்கள். உங்கள் யோசனை சரியான யோசனைதான்.

மாடிச்செடி:
ஒரு வாரம் வைத்து டேப் எடுத்தேன். ரோட்டுப் பக்கத்து டேப்பில் நரம்பு நரம்பாகக் கருப்பு இறங்கியிருக்கிறது, பின்பக்கத்தது லேசான மஞ்சள் தூசி, அவ்வளவுதான். பையன் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிவிட்டோம். டாக்டரிடமும் இந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன்.