மறு: ஆச்சி பேரில் நினைவு வளைவு, குடும்பத்துக்கு 500 ரிங்கிட்

தலைவர் மாமாவுக்கும் மற்ற எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

நம் ஊரில் ஆச்சி பேரில் வளைவு கட்டக் குடும்பத்துக்கு 500 ரிங்கிட் கேட்டுக் கமிட்டி போட்ட செய்தியையும் வளைவின் படத்தையும் பார்த்தேன். உச்சியில் சிலுவை, நடுவில் ஆச்சியின் முகம், கீழே பணம் கொடுத்தவர்களின் பெயர்கள், எல்லாம் கிரானைட்டில். கீழத்தெரு வளைவைவிட மூன்றடி உயரம் என்று கோட்டைவீட்டுச் சித்தப்பா எழுதியிருக்கிறார். சித்தப்பா, அந்த மூன்றடி ஆச்சிக்காகவா?

என் பங்கைத் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. போன தடவை, கோவில் பண்டிகையில் ஊருக்கே சோறு போடுகிற அசனக் கொட்டகையின் கூரைக்கு வாங்கிய பணத்தின் கணக்கு வரட்டும், தருகிறேன். தம்பி சென்ற மாதம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் இறங்கி ஊருக்குப் போய்விட்டு வந்தான். கொட்டகை மேல் இன்னும் நீலத் தார்ப்பாய்தான் கிடக்கிறதாம். நாலு அண்டாவில் இரண்டைக் காணோம். கேட்டால் "இரவல் போயிருக்கு" என்கிறார்கள். யார் வீட்டுக்கு என்று சொல்ல ஆள் இல்லை. அடுத்த பிரதிஷ்டைப் பண்டிகைக்கு எதில் சோறாக்குவார்கள்?

கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்கிறார் கம்பவுண்டர் மாமா. மாமா, ரஜூலா கப்பலில் வந்து இறங்கிய நம் ஊர்ப் பையன்கள் முதலில் கை நனைத்த வீடு, பட்டர்வொர்த் பக்கத்துப் பிறை ஊரில் ஆச்சி இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ்தான். 1967இல் பட்டர்வொர்த் ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் ரயில் பிறையோடு நின்றுவிடும். வேலை கிடைக்கிறவரை எத்தனை பேர் அந்த முன்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள் என்று நீங்களே சொல்லலாம். நீங்களும் படுத்தவர்தானே.

அத்தனை பேருக்கும் உலை வைக்கிறபோதெல்லாம் ஆச்சி ஒரு பிடி அரிசியை எடுத்து மைலோ டின்னில் போடுவாள். ஊரில் எல்லா வீட்டிலும் இருந்த பிடியரிசிக் காணிக்கைதான். சனிக்கிழமை சாயங்காலம் அதைச் சுளகில் கொட்டி, கல் பொறுக்கி, உழக்கால் அளப்பாள். அன்றைய கடை விலையைப் போட்டு, அரிசியைத் தானே வாங்கிக்கொண்டு காசைக் கைக்குட்டையில் முடிந்து வைப்பாள். காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் தேதி, அளவு, விலை. தாத்தா ஒருமுறை கணக்கைப் பார்க்காமலே காசைச் சேர்த்து எடுத்துக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பிவிட்டார். வாசலிலேயே மறித்து எண்ண வைத்தாள். "ஆண்டவர் காசு, அதனால்தான் எண்ணணும்" என்றாள். அசனக் கொட்டகையின் பழைய கூரை அந்தக் காசில் போட்டது என்பது கமிட்டியில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஜூலையில் புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டு ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) அக்காவோடு ஆச்சி போனதைச் சித்தப்பா இப்போதும் குத்திக்காட்டுகிறார். நம் சபைக்கு அது ஆகாதுதான். "இயேசுசாமியின் பாட்டியைப் பார்த்துவிட்டு வந்தால் என்னப்பா, நானும் பாட்டிதானே" என்று சிரித்துவிட்டாள். மெழுகுவர்த்தி ஏற்றமாட்டாள். அக்காவின் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். இப்படிப்பட்டவளின் முகத்தைக் கிரானைட்டில் செதுக்கி யாருக்குக் காட்டப்போகிறோம்?

அடக்க ஆராதனையில் வழக்கம்போல, குணசாலியான பெண்ணைப் பற்றிய நீதிமொழிகள் 31 வாசித்தார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அது மரியாதைக்கு வாசிப்பது. ஆச்சிக்குப் பொருந்தியது. அந்த அதிகாரத்துப் பெண்ணும் விசாரித்துத்தான் வயல் வாங்குகிறாள். நாமும் விசாரிப்போம்.

என் யோசனை இதுதான். முதலில் கூரை. அப்புறம் இரண்டு பெரிய அண்டா, விளிம்பில் ஆச்சி பெயரை வெட்டி. மிச்சம் இருந்தால் வளைவைப் பேசலாம். பணம் கமிட்டிக் கணக்குக்குப் போகவேண்டாம். கொட்டகை வேலை செய்கிற கொத்தனாருக்குத் தம்பியே நேராகக் கொடுத்து, ரசீதைக் குழுவில் போடுவான்.

சுங்கை பட்டாணி அத்தைக்கு ஒன்று: ஆச்சியின் வளையல் விஷயத்தை இந்தக் குழுவில் இழுக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், நேரில் பேசுவோம்.

மேலத்தெரு மூத்த பேரன்
பட்டர்வொர்த்