'கோ ஆஃப்' என்றால் அடிப்பதா, அணைவதா? தீ அலாரம் வாசகம் தலைகீழாகிவிட்டது, உதவுங்கள்

பயிற்சிப்பேனா:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு கட்டிடப் பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். காசு வாங்கிச் செய்யும் முதல் வேலை. அதில் இப்படி ஒரு வரி:

"வென் தி அலாரம் கோஸ் ஆஃப், லீவ் தி பில்டிங் அட் ஒன்ஸ். டூ நாட் ரீ-என்டர் அன்டில் இட் ஹாஸ் பீன் டர்ன்ட் ஆஃப்."

நான் எழுதியது: "அலாரம் அணைந்ததும் உடனே கட்டிடத்தை விட்டு வெளியேறவும். அது அணைக்கப்படும் வரை மீண்டும் உள்ளே வரக் கூடாது."

சரிபார்ப்பவர் ஓரத்தில் எழுதி அனுப்பியது: "இதன்படி நடந்தால் அலாரம் அலறி முடியும்வரை எல்லாரும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்கள்."

அகராதியைப் புரட்டினால் தலை சுற்றுகிறது. ஒலித்தல், வெடித்தல், அணைதல், கெட்டுப்போதல், கிளம்பிப்போதல், பிடிக்காமல் போதல், எல்லாம் 'கோ ஆஃப்' தானாம். ஒலிப்பதும் அணைவதும் எப்படி ஒரே சொல்லில் இருக்கும்? எந்த இடத்தில் எது என்று கண்டுபிடிக்க வழி உண்டா, இல்லை மொத்தமாக மனப்பாடம்தானா?

வேகவண்டி:
கான்டெக்ஸ்ட் பார்த்துப் புரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்.

பயிற்சிப்பேனா:
பார்த்துத்தான் அண்ணே தப்பு பண்ணேன்.

பழைய திருத்துநர்:
தம்பி, தப்பு உங்கள் ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது. ஃபேனை ஆஃப் பண்ணு, மோட்டார் ஆஃப் ஆயிடுச்சு, மூட் ஆஃப். தமிழுக்குள் வந்த 'ஆஃப்' நின்றுபோவதை மட்டும்தான் சொல்லும். சுவிட்சில் பார்த்துப் பழகிய சொல். அதே பழக்கத்தில் ஆங்கில வரியைப் படித்தால் அலாரமும் நின்றுபோகும்.

ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்பதன் அடிப்படைப் பொருள் 'விலகி, விட்டு'. 'உடைய' என்ற பொருளில் வரும் 'ஆஃப்', ஒற்றை எஃப் போட்டு எழுதுவோமே, அதுவும் இதுவும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். அழுத்திச் சொன்ன வடிவம் தனியாகப் பிரிந்தது. எழுத்திலும் இரண்டும் தெளிவாகப் பிரிந்து நின்றது 17-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். ஆகவே 'நிறுத்து' என்று நினைக்காதீர்கள், 'விட்டு விலகு' என்று நினையுங்கள்.

இப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பொருள் அதுவரை ஓடிக்கொண்டிருந்ததா, இல்லை காத்துக்கொண்டிருந்ததா?

விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டத்தை விட்டு விலகினால் நின்றுபோகும். அலாரம், வெடிகுண்டு, துப்பாக்கி, கேமரா ஃபிளாஷ், தீயணைக்கும் ஸ்பிரிங்ளர் எல்லாம் சும்மா காத்துக்கொண்டிருப்பவை. காவலை விட்டு விலகினால்? அடிக்கும், வெடிக்கும், மின்னும், பீச்சும். 'தி ஸ்பிரிங்ளர்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் தண்ணீர் கொட்டியது என்று அர்த்தம், நின்றது என்று அல்ல.

சாவிக்கடிகாரம்:
திருத்துநர் சார் சொன்னதைக் கண்ணால் பார்க்கலாம். சாவி கொடுக்கும் பழைய அலாரம் கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். மணி காட்டுவதற்கு ஒரு சுருள்வில், அலாரத்துக்குத் தனியாக இன்னொன்று. இரண்டாவது வில்லை முறுக்கி வைத்தாலும் உடனே அடிக்காது, ஒரு நெம்புகோல் சுத்தியலைப் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் வைத்த நேரம் வந்ததும் அந்தப் பிடி விலகும், சுத்தியல் மணியைப் போட்டு அடிக்கும். விட்டதுதான் 'ஆஃப்'. துப்பாக்கி விசையும் இதே கதை.

அரைகுறை:
அப்போ பால்? பால் ஓடுதா, காத்திருக்கா? :)

பழைய திருத்துநர்:
மாட்டிக்கொண்டேன். பால் நல்ல நிலையில் 'ஓடிக்கொண்டிருந்தது' என்று சமாளிக்கலாம், ஆனால் அது நீட்டல்தான். இதற்கு வேறு உரைகல் இருக்கிறது. தமிழில் சொல்லிப் பாருங்கள். கரண்ட் போச்சு. பால் திரிஞ்சு போச்சு. காபி மேல இருந்த ஆசையே விட்டுப் போச்சு. மூன்றுக்கும் 'கோ ஆஃப்' போடலாம், மூன்றிலும் நம் 'போ' தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அலாரத்தில் அது வரவே வராது. 'அலாரம் போச்சு' என்றால் அது ரிப்பேர். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. 'நிகழ்ச்சி வென்ட் ஆஃப் வெல்' என்றால் நல்லபடியாக நடந்து முடிந்தது, அதற்கு எந்தச் சூத்திரமும் கிடையாது, அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பால், காபி இரண்டுமே பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் பாலுக்கு 'கான் பேட்' என்பார்கள்.

தேன்மொழியாள்:
போன்? 'மை போன் வென்ட் ஆஃப் இன் தி மீட்டிங்'. அது ஓடிக்கிட்டும் இருக்கு, காத்துக்கிட்டும் இருக்கு.

பழைய திருத்துநர்:
அடித்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அக்கா. சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தால் 'டைட்', அதாவது 'செத்துப்போச்சு' என்பார்கள். நம்மவர்கள் பலர் 'சாரி, என் போன் ஆஃப் ஆயிடுச்சு' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் 'வென்ட் ஆஃப்' என்று சொல்ல, எதிரில் இருப்பவர் 'அடித்ததே, அப்புறம் ஏன் எடுக்கவில்லை?' என்று முழிப்பார்.

பயிற்சிப்பேனா, கையேட்டில் 'செட் ஆஃப்' என்று எங்காவது வருகிறதா என்று தேடிப் பாருங்கள். 'கோ ஆஃப்' தானாக நடப்பது, அதற்குச் செயப்பாட்டு வினை கிடையாது. அலாரத்தை ஒருவர் அடிக்கவைத்தால் 'செட் ஆஃப்', அடிப்பதை நிறுத்தினால் 'டர்ன் ஆஃப்'. இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் வம்புதான்.

பயிற்சிப்பேனா:
ஐயோ. இருக்கிறது சார். "காரணமின்றி அலாரத்தை நிறுத்தும் ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதியிருக்கிறேன். மூலத்தில் 'செட்ஸ் ஆஃப்'!

வரலாற்றுப்பித்தன்:
மனசை விடாதீங்க. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த முறைதான் அயலார்க்குப் பெரிய இடர் என்று எழுதிவிட்டார். இப்படி ஒட்டி வரும் வினைக்கு 'ஃப்ரேஸல் வெர்ப்' என்ற பெயரைப் பரப்பியவர் எழுத்தாளர் லோகன் பியர்சல் ஸ்மித், 1925-ல்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தமிழ் கற்கும் ஒருவருக்கு 'குழந்தையைப் பார்த்துக்கிறேன்', 'வெளியே வா, உன்னைப் பார்த்துக்கிறேன்' இரண்டையும் விளக்கிப் பாருங்கள். 'கண்டுபிடி'யும் 'கண்டுகொள்ளாதே'யும் ஒரே 'காண்' தான்.

பயிற்சிப்பேனா:
இன்னொரு கூத்து. அவசரத்தில் கோப்பு முழுக்க 'அணைந்' என்பதைத் தேடி 'ஒலித்' என்று ஒரே தட்டில் மாற்றிவிட்டேன். இப்போது 14-ஆம் பக்கத்தில் "விளக்குகள் ஒலித்தால் தரையில் உள்ள ஒளிக்கோடுகளைப் பின்பற்றவும்" என்று நிற்கிறது.

வேகவண்டி:
அதான் அப்பவே சொன்னேன், கான்டெக்ஸ்ட்.

பயிற்சிப்பேனா:
:( ஒவ்வொன்றாகக் கையால் திருத்திவிட்டேன். இப்போது இப்படி:

"அலாரம் ஒலித்ததும் உடனே கட்டிடத்தை விட்டு வெளியேறவும். அது நிறுத்தப்படும் வரை மீண்டும் உள்ளே வரக் கூடாது."
"காரணமின்றி அலாரத்தை ஒலிக்கச் செய்யும் ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."
"விளக்குகள் அணைந்தால்..." (இது முதலிலேயே சரியாக இருந்தது!)

பழைய திருத்துநர்:
மூன்றும் சரி. முதல் வரியில் ஒரே ஒரு மாற்றம்: 'ஒலித்ததும்' வேண்டாம், 'ஒலிக்கத் தொடங்கியதும்' என்று போடுங்கள். 'ஒலித்ததும்' என்றால் ஒலித்து ஓயட்டும் என்று காத்திருக்கவும் ஆள் இருப்பான்.

பயிற்சிப்பேனா:
மாற்றி அனுப்பிவிட்டேன் சார். சரிபார்ப்பவரிடமிருந்து இந்த முறை ஓரக்குறிப்பு எதுவும் வரவில்லை, ஒரு டிக் மட்டும்.