நீண்ட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் சைக்கிள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

வணக்கம். மாணவப் பருவத்திலும் அதன் பிறகு சில ஆண்டுகளும் நாள்தோறும் சைக்கிள் ஓட்டியவன் நான். வேலை, குடும்பம் என்று அந்தப் பழக்கம் மெல்ல நின்றுபோனது. இப்போது ஐம்பதை நெருங்கும் வயதில் மீண்டும் தொடங்க விரும்புகிறேன். அன்று என்னிடம் இருந்தது வளைந்த ஹேண்டில்பாரும் 23 மி.மீ. டயரும் கொண்ட பந்தய வகை சைக்கிள். இன்று ரோடு (தார்ச்சாலைக்கானது), ஹைபிரிட் (நேரான ஹேண்டில்பார் கொண்டது), கிராவல் (வளைந்த ஹேண்டில்பாரோடு மண்பாதைக்கும் ஏற்ற அகலமான டயர் கொண்டது) என்று வகைகள் பெருகியிருக்கின்றன. முன்பக்கத்தில் ஒரே ஒரு பல்சக்கரம் உள்ள வண்டிகளும் நிறைய வந்துவிட்டன. வேலைக்குப் போய்வரவும், விடுமுறை நாட்களில் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டவும் எனக்கு வண்டி வேண்டும். பாதையில் பெரும்பகுதி தார்ச்சாலைதான். இடையில் கொஞ்சம் மண்பாதையும் நீண்ட ஏற்றம் ஒன்றும் உண்டு. குனிந்து ஓட்டினால் கழுத்தும் இடுப்பும் வலிக்குமோ என்ற அச்சமும் இருக்கிறது. பழகிய ரோடு சைக்கிளையே வாங்கலாமா, அல்லது சஸ்பென்ஷன் உள்ள வண்டிதான் ஏற்றதா?

முதல் பதில்

நீங்கள் சொல்லும் பாதைக்கு சஸ்பென்ஷன் தேவையில்லை. குறைந்த விலை வண்டிகளில் வரும் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) எடையைக் கூட்டும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது உங்கள் உழைப்பில் ஒரு பகுதியை அமுங்கி அமுங்கியே விழுங்கிவிடும். அதிர்வைத் தாங்கும் வேலையை அகலமான டயரே செய்துவிடும்.

நீங்கள் விலகியிருந்த காலத்தில் நிகழ்ந்த மாற்றங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இந்த டயர்தான். மெல்லிய டயரில் கல்லைப்போல் இறுகக் காற்றடித்தால்தான் வேகம் வரும் என்று அன்று நம்பினோம். ஆனால் சொரசொரப்பான சாலையில் இறுகிய டயர், வண்டியையும் ஓட்டுபவரையும் ஓயாமல் மேலே தூக்கிப் போடுகிறது. முன்னே செல்ல வேண்டிய ஆற்றல் அந்தக் குலுக்கலில் வீணாகிறது. அதனால்தான் பந்தய வீரர்களே 23-லிருந்து 25-க்கும், பிறகு 28-க்கும் அதற்கு மேலும் போனார்கள். உங்களுக்கு 32 முதல் 38 மி.மீ. வரை பொருத்தமாக இருக்கும். வண்டியில் இப்போது என்ன டயர் போட்டிருக்கிறது என்பதைவிட, அதிகபட்சம் எத்தனை மி.மீ. டயருக்கு ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இடம் இருக்கிறது என்று கேளுங்கள். டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஃபிரேமின் இடைவெளியை மாற்ற முடியாது.

அடுத்தது கியர். உங்கள் பழைய வண்டியில் முன்னால் 39 பல்லும் பின்னால் 25 பல்லும்தான் மிக இலகுவான கியராக இருந்திருக்கும். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ 3.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டுமானால் ஏற்றத்திலும் மணிக்கு 12 கி.மீ. வேகத்தைக் காத்தாக வேண்டும். இன்று முன்னால் 34, பின்னால் 34 என்ற அமைப்பு சாதாரணமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான், அதே 60 சுற்றை மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்திலேயே மிதிக்கலாம். நீண்ட ஏற்றத்தில் முழங்கால் மூட்டைக் காப்பாற்றுவது இந்த வேறுபாடுதான். எனவே எந்த வகை வண்டியானாலும் அதன் மிக இலகுவான கியரின் பல் எண்ணிக்கையைக் கேட்டறியாமல் முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டாம் பதில்

மேலே நண்பர் சொன்னவை சரி. ஆனால் டயருக்கும் கியருக்கும் முன்னால் உடலளவைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃபிரேமின் மேல் 54, 56 என்று எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், ஏனெனில் ஒவ்வொரு நிறுவனமும் அதை ஒவ்வொரு விதமாக அளக்கிறது. பெடல் அச்சிலிருந்து, ஃபிரேமின் முன்குழாயின் (ஹேண்டில்பார் தண்டு செருகும் குழாய்) மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு முன்னால் இருக்கிறது என்ற இரண்டு அளவுகளையே ஒப்பிடுங்கள். ஸ்டாக், ரீச் என்று அளவுப் பட்டியலில் இவை இருக்கும். கழுத்துவலி பற்றிய அச்சம் உள்ளவருக்கு ஸ்டாக் கூடுதலாகவும் ரீச் குறைவாகவும் உள்ள ஃபிரேம் நல்லது. எண்டியூரன்ஸ் (நெடுந்தூரம் வசதியாக ஓட்டுவதற்கான) வகை ரோடு சைக்கிள்களும் பல கிராவல் சைக்கிள்களும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. ஆகவே வளைந்த ஹேண்டில்பார் என்றாலே முதுகை மடித்துக் குனிய வேண்டும் என்பதில்லை. நேரான ஹேண்டில்பாரில் உடல் நிமிர்ந்திருக்கும் என்றாலும், நெடுந்தூரம் ஓட்டும்போது ஒரே பிடியில் இருந்து கை மரத்துப்போகும். வளைந்ததில் பிடியை மாற்றிக்கொண்டே போகலாம். உங்கள் விடுமுறை நாள் பயணங்களை நினைத்தே இதைச் சொல்கிறேன்.

இருக்கை உயரத்துக்கு எளிய தொடக்கம் ஒன்று உண்டு: பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுவதும் நீள வேண்டும், பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி சற்றே மடிந்திருக்கும். முதல் சில வாரங்கள் உட்காரும் இடத்தில் வலி இருக்கத்தான் செய்யும். அதற்காகப் பஞ்சுபோன்ற இருக்கைக்கு மாறிவிடாதீர்கள். எலும்பு அதில் புதைந்து, நடுவிலுள்ள மென்மையான தசை அழுந்தும். அகலம் பொருந்துவதே முக்கியம். ஹேண்டில்பாருக்கு அடியில் உள்ள வளையங்களை எடுத்துவிட்டு ஃபோர்க் குழாயை வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், சில மாதங்கள் ஓட்டிப் பார்க்கும் வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். வெட்டியதை மீண்டும் உயர்த்துவது கடினம்.

மூன்றாம் பதில்

பிரேக் பற்றி யாரும் சொல்லவில்லை. டிஸ்க் பிரேக் மழையிலும் நம்பிக்கையாகப் பிடிக்கும், ரிம் தேய்வதில்லை. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் விரல்களால் லேசாக அழுத்தினாலே போதும், பிரேக் பேட் தேயத் தேயத் தானே சரிசெய்துகொள்ளும். கேபிள் வகையை அவ்வப்போது நாமே இறுக்க வேண்டும். ஆனால் எண்ணெய் மாற்றும் வேலை இல்லை. பழைய சக்கரங்களைப் புது வண்டியில் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பின்அச்சின் அகலம் 130 மி.மீ.யிலிருந்து 142-க்கு மாறிவிட்டது, பொருத்தும் முறையும் வேறு. வேலைக்கும் போகப்போவதால் கேரியரும் மட்கார்டும் பொருத்தத் திருகுத் துளைகள் உள்ளனவா என்றும் பாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் கிராவல் வகையில் 38 மி.மீ. டயருக்கு இடமுள்ள ஒன்றைத் தேடுகிறேன். முன்னால் ஒரே பல்சக்கரம் என்பது எனக்குப் போதுமா?

முதல் பதிலளித்தவர்

போதும். முன்னால் 40 பல், பின்னால் 11 முதல் 42 பல் வரை என்றால், மிக இலகுவான கியரில் முன்பல்லைப் பின்பல்லால் வகுத்த விகிதம் ஒன்றுக்கும் சற்றுக் கீழே வருகிறது. உங்கள் ஏற்றத்துக்கு அது தாராளம். கியர்களுக்கு இடையிலான தாவல் சற்றுப் பெரிதாக இருக்கும், சமதளத்தில் ஒரே சீராக மிதிக்க விரும்புவோர் அதை உணர்வார்கள். அதற்கு ஈடாக முன்னால் செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி (டிரெய்லர்) இல்லை, செயின் அங்கே சிக்குவதும் இல்லை. முடிந்தால் இரண்டு வகையையும் ஏற்றமுள்ள சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடை வாசலில் ஒரு சுற்று சுற்றுவதில் இந்த வேறுபாடு தெரியாது.