செயின்ட் லூசியாவில் ஒரு வாரம்: எங்கே தங்கலாம்?

கேள்வி:
பிப்ரவரியில் நானும் மனைவியும் இந்தக் கரீபியன் தீவுக்குப் போறோம். கடலும் வேணும், க்ரோ பிட்டோன் மலையும் ஏறணும். தங்க வடக்கே ரோட்னி பேயா, மலைக்குப் பக்கத்து ஊரான சூஃப்ரியரா? கார் எடுக்கலாமா?

பதில் 1:
பிப்ரவரி மழை குறைந்த பருவம், நல்ல தேர்வு. பெரிய விமானங்கள் தெற்குக் கோடியில் ஹெவனோரா விமான நிலையத்தில் இறங்கும். ரோட்னி பே வடக்குக் கோடி. நடுவில் வளைந்து நெளிந்த மலைப்பாதை, ஒன்றரை மணி நேரம். ஒரே இடத்தில் தங்கினால் பாதி விடுமுறை சாலையிலேயே போயிடும். முதல் நான்கு இரவு வடக்கே, கடைசி மூன்று சூஃப்ரியர்னு பிரிச்சுக்குங்க. கிளம்பும் நாளில் விமான நிலையம் பக்கமா இருக்கும்.

பதில் 2:
க்ரோ பிட்டோனுக்கு வழிகாட்டி கட்டாயம், ஃபோன் ஜென் லீப்ர் கிராமத்தில் கிடைப்பாங்க. காலை ஏழு மணிக்கே தொடங்கிடுங்க. பாதி உயரம் தாண்டினால் பாறைப் படிகள், செங்குத்து. ஏறி இறங்க நாலு மணி நேரம் ஆகும். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். ஈரப் பாறையில் வழவழப்பான செருப்பு வேண்டவே வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

பதில் 3:
கார் எடுங்க, நம்மூர் மாதிரி இடப்பக்க ஓட்டம்தான். உள்ளூர் ஓட்டுநர் அனுமதிச் சீட்டு தேவைப்படும், வாடகை நிறுவனமே வாங்கித் தரும். இருட்டியபின் மலைப்பாதை வேண்டாம். விலை கேட்கும்போது எந்த டாலர்னு கேளுங்க: ஒரு அமெரிக்க டாலருக்கு அந்த ஊர்ப் பணமான கிழக்குக் கரீபியன் டாலர் 2.70. மயாமி வழியா டிக்கெட் போட்டால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விமானம் மாறவே அமெரிக்க விசா வேணும்.