கிரவுண்ட் ஃப்ளோர் என்றார்கள், போனால் மூன்று படி

2023இல் சர்க்கரை வியாதியால் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்போது நானும் மனைவியும் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தோம். பதினேழு படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மைத்துனரும் கடைப் பொடியனும் என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஐந்து கிழமை நான் தெருவைப் பார்க்கவில்லை. அடுத்த சந்திப்புக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துதான் இறக்கினார்கள்.

வீடு தேட ஆரம்பித்தேன். ஏஜென்டுகள் முதலில் கேட்பது படியைப் பற்றியல்ல, வேலையைப் பற்றி. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவியான யூனிவர்சல் கிரெடிட்டும், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையான பிப்பும் (PIP) எடுக்கிறேன் என்றதும் குரல் மாறிவிடும். “அந்த வீடு நேற்றே போய்விட்டது” என்பார்கள். மாலையில் மனைவி வேறு போனிலிருந்து கேட்டால் வீடு இருக்கும். நம்மவர் ஒருவர் மட்டும் நேராகச் சொன்னார்: “அண்ணை, உங்களுக்குத் தரக்கூடாது எண்டில்லை, மோட்கேஜ் எடுத்த பாங்க் விடாது.” அவர் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் மரியாதையாகச் சொன்னார்.

இப்படி அரசு பெனிபிட் எடுப்பவர்களுக்கு வீடில்லை என்று மொத்தமாக மறுப்பது சட்டவிரோதம் என்று 2020 ஜூலையில் யோர்க் நீதிமன்றமும், செப்டம்பரில் பர்மிங்காம் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருந்தன. பர்மிங்காம் வழக்கைத் தொடுத்தவரும் வீல்சேரில் இருப்பவர்தான். மாற்றுத்திறனாளிகள் பெனிபிட்டை நம்பியிருப்பது அதிகம் என்பதால், அந்த மறுப்பு 2010 சமத்துவச் சட்டத்துக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு. எனக்கு இது தெரியவந்தது ஆறு மாதம் கழித்து. முன்பே தெரிந்திருந்தால் போனில் கேட்டுவிட்டு வைத்திருக்க மாட்டேன், எல்லாவற்றையும் ஈமெயிலில் கேட்டிருப்பேன். எழுத்தில் “இல்லை” என்று சொல்ல ஏஜென்டுகள் யோசிப்பார்கள்.

அப்புறம்தான் பெரிய சிக்கல் புரிந்தது. வீட்டு வாடகைக்கு அரசு கொடுக்கும் தொகை, அந்தப் பகுதியின் மலிவான முப்பது சதவீத வாடகைகளை வைத்துக் கணக்கிடப்பட்டது. 2024 ஏப்ரலில் கூட்டினார்கள், அடுத்த வருடம் கூட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். லிஃப்டும் அகலக் கதவும் உள்ள புதிய பிளாட்டுகளின் வாடகைக்கு அந்தத் தொகை எட்டாது. அந்தத் தொகைக்குள் கிடைப்பவை எங்கள் பக்கத்துப் பழைய வரிசை வீடுகள். வாசலில் படி, ஒடுங்கிய நடை, குசினியைத் தாண்டி இன்னொரு படி இறங்கினால்தான் குளியலறை. “கிரவுண்ட் ஃப்ளோர்” என்று விளம்பரம் போட்ட ஒரு வீட்டு வாசலில் மூன்று படி. மழையில் மனைவி என்னை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய் போனில் வீடியோ எடுத்துக் காட்டினாள். அன்று இரவு அவள் அழுததை நான் கேட்காதது போலக் கிடந்தேன்.

இங்கிலாந்தில் வீட்டை மாற்றியமைக்க 30,000 பவுண் வரை கவுன்சில் மானியம் உண்டு. யூனிவர்சல் கிரெடிட் எடுப்பதால் என் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். ஐந்து வருடம் அங்கேயே இருக்கும் எண்ணம் உண்டென்று நான் கையெழுத்துப் போட வேண்டும். என் வாடகை ஒப்பந்தமோ பன்னிரண்டு மாதம்! ஒரு பக்கம் ஐந்து வருடம் கேட்டார்கள், மறுபக்கம் காரணம் சொல்லாமலே இரண்டு மாத நோட்டீஸில் வீட்டிலிருந்து எழுப்பலாம் என்றிருந்தது. 2025இல் வந்த வாடகையாளர் சட்டப்படி 2026 மே 1 முதல் காரணமில்லாமல் எழுப்ப முடியாது. எனக்கு அது பிந்தி வந்தது, உங்களுக்கு உதவட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். நண்பரின் மகளுக்கு 29 வயது, தனியாள். முப்பத்தைந்துக்குக் கீழே என்பதால் பகிர்ந்து வாழும் அறைக்கான தொகைதான் என்று ஒரு அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிப்பில் அன்றாட வாழ்வுக்கான பகுதி கிடைப்பவர்களுக்கு அந்த விதி பொருந்தாது, ஒரு படுக்கையறை வீட்டுக்கான தொகை உண்டு. அவள் திரும்பிப் போய்க் கேட்ட பிறகுதான் கிடைத்தது. தயவுசெய்து முதல் பதிலை நம்பிவிடாதீர்கள்.

எங்களுக்கு வீடு 2024 கடைசியில் கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) என்ற ஊர்ப் பக்கம் கிடைத்தது. வீட்டுக்காரர் ஒரு வயதான பஞ்சாபிக்காரர், அவருடைய தாயும் கடைசிக் காலத்தில் வீல்சேரில் இருந்தவராம். போகுமுன் கதவுகளை டேப் வைத்து அளந்து படம் அனுப்பும்படி கேட்டோம், ஒவ்வொரு கதவையும் அளந்து அனுப்பினார். வீட்டில் என்ன மாற்றம் தேவை என்று தெரபிஸ்ட் எழுதிய அறிக்கையைக் காட்டியதும் மானியப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வேலை முடிய ஏழு மாதமானது. குளியல் தொட்டியை எடுத்துவிட்டுத் தரையோடு தரையாக ஷவர் வைத்தார்கள். முதல் நாள் உள்ளே போய்க் கதவை நானே சாத்திக்கொண்டேன். மனைவி வெளியே நின்று இரண்டு முறை கூப்பிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.